சீட்டு எடுத்த 5 லட்சத்தை என்விடியாவுல போடலாமா?

கேள்வி: அண்ணா வணக்கம், நான் புதுச்சேரில ஒரு தனியார் ஆஸ்பத்திரில நர்ஸ், வயசு 36, வீடு கடலூர் மஞ்சக்குப்பம், தினம் பஸ்லதான் போய்ட்டு வரேன். கைக்கு 34,000 வருது. சீட்டு எடுத்ததுல 5 லட்சம் வந்திருக்கு. பெங்களூர்ல ஐடில இருக்கிற தம்பி, மொத்தத்தையும் ஆப்ல என்விடியாங்கற அமெரிக்க சிப் கம்பெனி ஷேரா வாங்கிப் போட்டுடுக்கா, பாப்பா காலேஜ் போறப்ப எங்கயோ போயிருக்கும்ங்கறான். பாப்பா ரெண்டாவது படிக்கிறா. நகை 1.5 லட்சத்துக்கு அடகுல இருக்கு. மாமனாருக்குப் பண்ருட்டி பக்கம் கொஞ்சம் முந்திரித் தோப்பு, தானே புயல்ல போச்சு, திரும்ப வச்சு இப்பதான் ஒழுங்கா காய்க்குது. என்ன பண்ணட்டும்?

பதில்: வணக்கம்மா. முதல்ல ஒண்ணு சொல்லு, இது கடைசி வரைக்கும் கட்டி முடிச்ச சீட்டா, இல்ல நடுவுலயே தள்ளி எடுத்ததா? தள்ளி எடுத்ததுன்னா இன்னும் மாசாமாசம் கட்டணும், அப்ப இந்த 5 லட்சம் முழுசா உன் பணம் இல்ல, பாதி கடன்தான். கடன் வாங்கி அமெரிக்க ஷேர் வாங்குன்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், உன் தம்பி கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல.

கட்டி முடிச்சதுன்னே வச்சுக்குவோம். நாளைக்கே போய் நகையை மீட்டுடு. அடகு வட்டி வருஷா வருஷம் நிச்சயமா போற காசு, என்விடியா ஏறுறது நிச்சயம் இல்ல. மீதி 3.5ல 1.5 லட்சத்தை பேங்க்ல எஃப்டியா போட்டுடு, ஆஸ்பத்திரி வேலைல இருக்கிற உனக்கு எமர்ஜென்சி பத்தி நான் பாடம் எடுக்கணுமா. ஆக நம்ம பேச்சு மிச்சம் இருக்கிற 2 லட்சத்தைப் பத்திதான்.

தம்பி சொல்றது முழுக்கத் தப்பும் இல்ல. உலகத்துல பெரிய டெக் கம்பெனிங்க நம்ம ஊர் மார்க்கெட்ல கிடையாது, சிப் வேணும்னா தைவான், அந்த சிப்பைச் செய்யற மெஷின் வேணும்னா நெதர்லாந்து, சாஃப்ட்வேர், கிளவுட் எல்லாம் அமெரிக்கா. கூடவே ரூபா விழறதும் நமக்கு லாபம், 2005ல டாலர் 44 ரூபா கிட்ட இருந்துச்சு, 2015ல 64 கிட்ட, இப்ப 85ஐத் தாண்டிடுச்சு.

ஆனா ஒரே கம்பெனின்னு வரும்போதுதான் எனக்கு வயித்தைக் கலக்குது. 2000 மார்ச்ல உலகத்துலயே பெரிய கம்பெனின்னு கொஞ்ச நாள் நின்னது சிஸ்கோ, இன்டர்நெட் வளரப் போகுது அதுக்கு ரௌட்டர் இவங்கதான் விக்கப் போறாங்கன்னு எல்லாரும் வாங்கினாங்க, இன்டர்நெட்டும் சொன்ன மாதிரியே வளந்துச்சு, சிஸ்கோவும் லாபம் பாத்துச்சு, ஆனா அன்னிக்கு உச்சத்துல வாங்கினவன் அதே விலையைத் திரும்பப் பாக்க 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. என்விடியாவே 2021 நவம்பர்லேர்ந்து 2022 அக்டோபருக்குள்ள மூணுல ரெண்டு பங்கு விழுந்து எழுந்ததுதான். 2025 ஜனவரி 27 அன்னிக்கு ஒரே நாள்ல 17 சதவீதம் போச்சு. நைட் டூட்டி முடிச்சு பஸ்ல தூங்கிட்டு வரப்ப 5 லட்சம் 4.15 ஆயிருந்தா உனக்கு எப்படி இருக்கும்?

உங்க தோப்பையே எடுத்துக்கோ. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல விழுந்த மரம் தானா எழுந்துக்கல, மாமனார் புதுக் கன்னு வச்சார். அமெரிக்காவோட நாஸ்டாக் சந்தைல இருக்கிற பெரிய கம்பெனி நூறோட பட்டியல்தான் நாஸ்டாக் 100 இண்டெக்ஸ், அதுல அந்த வேலையை வேற ஆள் பாத்துக்கறான், வருஷா வருஷம் டிசம்பர்ல சுருங்கிப்போன கம்பெனியை எடுத்துட்டு வளந்ததை நட்டுடுவான். யாகூ, பிளாக்பெர்ரி எல்லாம் ஒரு காலத்துல அதுல இருந்தவங்கதான். அதுக்காக இண்டெக்ஸ் விழாதுன்னு நினைக்காத, 2022ல மூணுல ஒரு பங்கு போச்சு, அந்தச் சந்தைல இருக்கிற எல்லாக் கம்பெனியையும் சேர்த்துப் பாக்கற நாஸ்டாக் காம்போசிட் இண்டெக்ஸ், 2000 உச்சத்துலேர்ந்து முக்கால் பங்குக்கு மேல கரைஞ்சு பழைய இடத்துக்கு வர 2015 ஆச்சு. பாப்பா காலேஜுக்கு இருக்கிறது 10, 11 வருஷம்தான்ங்கறதை மனசுல வை.

எப்படி வாங்கறதுன்னா, ஆப்ல நேரா அமெரிக்க ஷேர் வாங்கினா வருமான வரிக் கணக்குக்கு சுலபமான ஐடிஆர் 1 ஃபாரம் போட முடியாது, ஐடிஆர் 2ல வெளிநாட்டுச் சொத்துன்னு ஒரு தனி அட்டவணையே நிரப்பணும், கம்பெனி லாபத்துலேர்ந்து தர்ற டிவிடெண்ட்ல அமெரிக்காலயே 25 சதவீதம் வரி பிடிச்சுக்குவாங்க, பணம் அனுப்ப பேங்க் சார்ஜ் வேற. உன் தொகைக்கு இந்தத் தலைவலி தேவையே இல்ல. இங்கயே நாஸ்டாக் 100 இண்டெக்ஸ்ல போடற மியூச்சுவல் ஃபண்ட் இருக்கு. ஆனா வெளிநாட்ல போட எல்லா ஃபண்ட் கம்பெனிக்கும் சேர்த்து 700 கோடி டாலர்னு ரிசர்வ் பேங்க் வரம்பு வச்சிருக்கு, அது 2022லயே நிரம்பிடுச்சு, அதனால பல ஃபண்ட் திடீர்னு கதவைச் சாத்தும், திடீர்னு திறக்கும். திறந்திருக்கான்னு பாத்துட்டுப் போடு.

கதவு சாத்தியிருக்கேன்னு, ஷேர் மாதிரியே மார்க்கெட்ல வாங்கி விக்கற ஃபண்டான இடிஎஃப் பக்கம் ஓடாத, நான் ஓடி மாட்டிக்கிட்டேன். லாரன்ஸ் ரோட்ல டீ குடிச்சுக்கிட்டே மொபைல்ல விலை ஏறுதேன்னு படபடன்னு வாங்கிட்டேன், கீழ சின்ன எழுத்துல ஐ-என்ஏவின்னு ஒண்ணு இருக்கும், அதுதான் உள்ள இருக்கிற சரக்கோட உண்மையான மதிப்பு, அதைப் பாக்கவே இல்ல. 100 ரூபா சரக்கை 110க்கு வாங்கியிருக்கேன். அப்புறம் அந்த அதிகப்படி வடிஞ்சப்ப அமெரிக்கா ஏறியும் என் கணக்கு ஏறல.

கணக்கு இதான்: 2 லட்சத்தை லிக்விட் ஃபண்ட்ல (ஷேர்ல போடாம குறுகிய காலக் கடன் பத்திரத்துல போடற ஃபண்ட்) வச்சுட்டு மாசம் 8,000 வீதம் எடு, 6,000 இந்திய இண்டெக்ஸ் ஃபண்டுக்கு, 2,000 நாஸ்டாக் ஃபண்டுக்கு, 25 மாசத்துல முடிஞ்சிடும், அப்புறம் சம்பளத்துலேர்ந்து எவ்வளவு முடியுதோ அதைத் தொடரு. பாப்பா ஒம்பதாவது வந்ததும் நாஸ்டாக் பணத்தை மெதுவா எஃப்டிக்கு மாத்த ஆரம்பிச்சுடு. 2 வருஷம் தாண்டி வித்தா லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி, இந்திய ஷேர் ஃபண்டுக்குக் கிடைக்கிற 1.25 லட்சம் விலக்கு இதுக்குக் கிடையாது.

தம்பிக்கு மனசு ஆறலன்னா அவன் காசுல அவன் வாங்கட்டும். நீ அடகுச் சீட்டைக் கொடுத்து நகையை வாங்கின கையோட எனக்கு எழுது, எந்த ஃபண்ட் அன்னிக்குத் திறந்திருக்குன்னு பாத்துச் சொல்றேன்.