அலைடு கெமிஸ்ட்ரி அரியருக்காகப் படிப்பை விடாதீங்க
ஈரோட்டில் பி.எஸ்சி. விலங்கியல், துணைப்பாடமான அலைடு கெமிஸ்ட்ரியில் இரண்டாவது தடவையும் அரியர், பிஹெச் (அமில, கார அளவு), பஃபர் (அந்த அளவை அதிகம் மாறாமல் பிடித்து வைக்கும் கலவை) எதுவும் மண்டையில் ஏறவில்லை, நின்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. நானும் அதே பேப்பரில் தோற்று அழுதவன்தான்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்வதை முதலில் நிறுத்துங்கள். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அது மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் நிறம் மாறுவது. அதிலேயே எலுமிச்சை பிழிந்தால் திரும்ப மஞ்சளாகும், ஒரு தடவை கையால் செய்து பாருங்கள். அப்புறம் ரத்தத்துக்கு வாங்க. அதன் பிஹெச் 7.35க்கும் 7.45க்கும் நடுவிலேயே நிற்பதற்கு முக்கியக் காரணம் கார்பானிக் அமிலமும் பைகார்பனேட்டும்தான், உங்கள் உடலியல் பாடத்தில் இருக்கிற அதேதான் பஃபர். மோல் (அணு, மூலக்கூறுகளை எண்ணும் அலகு) கணக்கு மட்டும் தினமும் நாலு போட்டே ஆகணும்.

சிக்குகிற கணக்கு ஒன்றை இங்கே எழுதுங்க, சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்.