தம்பி, அந்தப் பக்கியை வாங்குமுன்

ஜோகன்னஸ்பர்க் வந்து ஆறு மாதமான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். போட்ஸ்வானா, ஜாம்பியா வழியாகத் தான்சானியா வரை குடும்பத்தோடு இரண்டு மாதம் வண்டியிலேயே போக ஆசையாம். உயர்த்திக் கட்டிய, பெரிய டயர் போட்ட, வின்ச் (சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் கம்பிச் சுருள் பொறி) வைத்த பக்கி ஒன்று விலைக்கு வருகிறது. காட்டில் முகாம் போடும் வண்டியும் நெடும்பயண வண்டியும் ஒன்றுதானே, எந்தக் கூடாரம், எந்த அடுப்பு நல்லது என்று கேள்வி.

கூடாரமும் அடுப்பும் உங்கள் விருப்பம். எதை வாங்கினாலும் தூக்கம் வரும், சோறு வேகும்.

(பக்கி என்றால் நம் ஊரில் திட்டு. இங்கே பின்னால் தொட்டி வைத்த வண்டிக்கு அதுதான் பெயர். 2004-இல் வேலைக்குச் சேர்ந்த அன்று "உனக்கு ஒரு பக்கி உண்டு" என்றார் மேலாளர். என் முகம் போன போக்கை இன்றும் சொல்லிச் சிரிப்பார்.)

இரண்டும் ஒன்றல்ல, தம்பி. முகாம் வண்டி வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பும். பாறை ஏறும், சேறு தாண்டும். எதுவும் முறிந்தால் திங்களன்று பட்டறை. நெடும்பயண வண்டிக்கு அந்தத் திங்கட்கிழமை கிடையாது. முழுச் சுமையோடு நாள்தோறும் சரளைச் சாலையில் ஓடித் தாங்க வேண்டும். முறிந்தால் அந்தச் சிற்றூரிலேயே உதிரி கிடைக்க வேண்டும். இங்கே பழைய டொயோட்டா ஹைலக்ஸுக்கும் லேண்ட் குரூசருக்கும் இவ்வளவு மவுசு அதனால்தான். நீங்கள் பார்த்த அந்தப் பெரிய டயர் கிழிந்தால், அதே அளவு டயரை எந்த ஊர்க் கடையில் தேடுவீர்கள்?

எடையைப் பாருங்கள். கூரைக் கூடாரம் 60 கிலோ, நிரப்பிய குளிர்ப்பெட்டி 45, தண்ணீர் 60 லிட்டர் என்றால் 60 கிலோ, கூடுதல் டீசல் 80 லிட்டர் 67 கிலோ, இரண்டாவது பேட்டரி 25, இரும்புப் பம்பரும் வின்ச்சும் 100, தொட்டியை மூடும் பின்கூண்டும் இழுப்பறைகளும் 150, நீங்கள் நால்வர் 230. எழுநூறைத் தாண்டிவிட்டது. அரிசி, கருவிகள், இரண்டாவது உபரிச் சக்கரம் எல்லாம் இனிமேல்தான். இரட்டைக் கேபின் பக்கி பெரும்பாலும் ஒரு டன்கூடத் தாங்காது. அந்த வின்ச்சை நீங்கள் ஒருமுறையாவது சுழற்றுவீர்களா? நம்மவர்கள் பலர் அதை மாட்டிக்கொண்டு கடைவளாக வாகன நிறுத்தத்தை வெற்றிகரமாகக் கடப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

நானும் அப்படித்தான் ஆடினேன். 2008-இல் நமீபியாவில் பாம்வாக்கிலிருந்து செஸ்ஃபொண்டைன் போகும் சாலை. பாறையும் இல்லை, பள்ளமும் இல்லை. தகரக் கூரையைத் தரையில் விரித்ததுபோல வரிவரியான சரளை. ஸ்டியரிங் கையில் நடுங்கிக்கொண்டே வந்தது. திடீரென்று "டங்" என்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் எல்லாவற்றிலும் நீளமான தாய்ப்பட்டை இரண்டாகப் பிளந்திருந்தது. முறிந்த இடம் ரொட்டித் துண்டுபோல் சொரசொரவென்று, விளிம்பில் மட்டும் பழைய துரு. விரிசல் எத்தனையோ நாளாக இருந்திருக்கிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மோபானி மரக்கட்டை ஒன்றை அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகி, கயிற்றால் இறுக்கிக் கட்டித் தந்தார். மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர் போய்ச் சேர்ந்தோம். இழுத்துக் காப்பாற்ற நான் வாங்கி வைத்த வின்ச் சும்மா வேடிக்கை பார்த்தது.

ஆகவே வாங்குமுன் வண்டியை எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்குங்கள். சுமைக்கேற்ற ஸ்பிரிங் போடுங்கள். சரளையில் டயர்க் காற்றைக் குறைத்து, வேகத்தையும் குறையுங்கள்.

அப்புறம் காகிதம். முகாம் வண்டிக்கு அந்தத் தொல்லையே இல்லை. தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா, லெசோத்தோ, எஸ்வாட்டினி ஐந்தும் ஒரே சுங்க ஒன்றியம். அதைத் தாண்டினால், திருட்டு வண்டியல்ல என்று வண்டிக்குக் காவல்துறைச் சான்று வேண்டும். கடனில் வாங்கியதென்றால், நாட்டு எல்லை தாண்ட வங்கியின் அனுமதிக் கடிதமும் வேண்டும். என் வங்கிக்காரர் "அதெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்" என்றார். 2010-இல் போட்ஸ்வானா-ஜாம்பியா எல்லையில், கசுங்குலாவில் கேட்டார்கள். 2021-இல் திறந்த 923 மீட்டர்ப் பாலம் அப்போது ஏது? மிதவைப் படகில்தான் வண்டியோடு ஜாம்பேசி ஆற்றைக் கடக்க வேண்டும். லாரிகளுக்கு நடுவே அரை நாள் காத்திருந்து அக்கரை சேர்ந்தோம். கடிதம் இல்லை என்றதும் அதே படகில் திருப்பி அனுப்பினார்கள். நானும் மனைவியும் பேசிக்கொள்ளவே இல்லை. இரண்டு முறை படகேறியதில் பிள்ளைகளுக்கு மட்டும் கொண்டாட்டம்.