நீதிமன்ற நகைச்சுவைத் தொடரான ‘நைட் கோர்ட்’டின் மிகச் சிறந்த எபிசோடுகள் எவை?

தயக்கமே இல்லாமல் முதலிடம் ‘டேன்ஸ் பேரன்ட்ஸ்’ எபிசோடுக்கு. இரண்டாம் சீசனில் வருவது. மற்றவற்றை வரிசைப்படுத்தச் சொன்னால் நாளுக்கொரு வரிசை சொல்வேன். இந்த முதலிடம் மட்டும் எனக்கு மாறியதே இல்லை.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1984 ஜனவரி முதல் 1992 மே வரை ஒன்பது சீசன்கள் ஓடியது. கதை நடக்கும் இடம் நியூயார்க் மன்ஹாட்டனின் குற்றவியல் நீதிமன்றம், அதுவும் இரவு அமர்வு. நீதிபதி ஹாரி ஸ்டோன் சீட்டுக்கட்டு வித்தைகளில் உயிரை வைத்திருக்கும் இளைஞர். நடித்த ஹாரி ஆண்டர்சனும் மேஜிக் கலைஞர்தான். ஹாரிக்கு நீதிபதிப் பதவி கிடைத்த விதமே அழகு: மேயர் தன் பதவி முடியும் கடைசி நாளில், நீதிபதிப் பதவிக்கான பட்டியலில் உள்ளவர்களுக்கெல்லாம் தொலைபேசி அடிக்கிறார், அப்போது வீட்டில் இருந்ததால் எடுத்தவர் இவர் ஒருவர்தான்.

அரசு வழக்கறிஞர் டேன் ஃபீல்டிங்காக வருபவர் ஜான் லாரகெட். பணத்தாசை, பெண்ணாசை, பதவி ஆசை மூன்றும் ஒன்றாய்ச் சேர்ந்து கோட்டு மாட்டிக்கொண்ட பாத்திரம். இதற்காக 1985 முதல் 1988 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கினார். அதற்குப் பிறகு தன் பெயரைப் பரிசீலிக்க வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ‘டேன்ஸ் பேரன்ட்ஸ்’ எபிசோடில் டேனைத் தேடி அவருடைய பெற்றோர் நீதிமன்றத்துக்கு வந்துவிடுகிறார்கள். வெள்ளந்தியான கிராமத்து மனிதர்கள். அப்போதுதான் தெரிகிறது, ‘டேன்’ என்பது அவரே வைத்துக்கொண்ட பெயர், பிறந்தபோது வைத்த பெயர் ரெய்ன்ஹோல்ட் என்று. (தொடரை உருவாக்கியவரின் பெயரும் ரெய்ன்ஹோல்ட்தான்.) பெற்றோராக நடித்த ஜான் மெக்கின்டயரும் ஜெனட் நோலனும் நிஜ வாழ்விலும் கணவன் மனைவி. அவர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் விதத்திலேயே அது தெரியும்.

இந்த எபிசோடு என்னை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டது என்பதற்குக் காரணம் இருக்கிறது. என் அப்பா ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் டவாலி. வெள்ளை உடுப்பும் குறுக்கே பட்டையுமாக வாசலில் நின்று வழக்காடிகளின் பெயரை மூன்று முறை கூவி அழைப்பார். சட்டக் கல்லூரியில் யாராவது கேட்டால், “அப்பா கோர்ட்டில் இருக்கிறார்” என்று மட்டும் சொல்வேன். கேட்டவர்கள் வக்கீல் என்று நினைத்துக்கொண்டார்கள், நான் திருத்தவில்லை. மூன்று ஆண்டுகள் திருத்தவில்லை. டேன் தன் பெற்றோரைப் பார்த்ததும் முகம் வெளிறி நிற்கும் காட்சியில் நான் நிறுத்து பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்தத் தொடரில் எனக்குப் பிடித்த எபிசோடுகள் எல்லாமே நீதிபதியின் மேடைக்குக் கீழே நிற்பவர்களைப் பற்றியவை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். மூன்றாம் சீசனின் முதல் எபிசோடு ‘ஹலோ, குட்பை’ அப்படிப்பட்டது. நீதிமன்றக் காவலராக நடித்த செல்மா டயமண்ட் 1985 மே மாதம் நுரையீரல் புற்றுநோயால் இறந்துவிட்டார். தொடர் அதை மறைக்கவில்லை. பாத்திரமும் இறந்துவிட்டதாகவே காட்டியது. அவரோடு பணியாற்றிய புல் என்ற நெடிய, மொட்டைத் தலைக் காவலரின் துக்கத்தை ரிச்சர்ட் மோல் நடித்திருக்கும் விதத்தை, உடன் வேலை பார்த்தவரைப் பறிகொடுத்த எவரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். செல்மாவின் இடத்துக்கு வந்த ஃபுளோரன்ஸ் ஹாலப்பும் மறு ஆண்டே அதே நோயில் போய்விட்டார் என்பதை அறிந்து பார்க்கும்போது மனம் இன்னும் கனக்கும்.

நான்காம் சீசனின் ‘டே இன் தி லைஃப்’ வேறு ரகம். நள்ளிரவுக்குள் மலைபோல் குவிந்த வழக்குகளை முடித்தாக வேண்டும். ஆட்கள் வருகிறார்கள், பெயர் வாசிக்கப்படுகிறது, தீர்ப்பு, அடுத்தவர். பெஞ்ச் கிளார்க் மேக் கோப்புகளை எடுத்து நீட்டும் வேகத்தைப் பாருங்கள். நீதிமன்றத்தின் நாடித்துடிப்பு நீதிபதியின் சுத்தியலில் இல்லை, கிளார்க்கின் மேசையில்தான் இருக்கிறது என்பது உள்ளே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த எபிசோடை எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

முதல் சீசனின் இரண்டாவது எபிசோடு ‘சாண்டா கோஸ் டவுன்டவுன்’. தன்னைக் கிறிஸ்துமஸ் தாத்தா என்று சொல்லிக்கொள்ளும் முதியவர் ஒருவர், வீட்டைவிட்டு ஓடிவந்த பதின்வயதினர் இருவர். அந்தப் பையனாக வருபவர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ், ‘பேக் டு தி ஃப்யூச்சர்’ வெளிவருவதற்கு முந்தைய ஆண்டில். துரதிர்ஷ்டம் துரத்தும் வீலர் குடும்பம் வரும் எபிசோடுகளையும் தவறவிடாதீர்கள். குடும்பத் தலைவராக வரும் பிரெண்ட் ஸ்பைனர்தான் பின்னர் ‘ஸ்டார் ட்ரெக்’கில் ‘டேட்டா’ என்ற இயந்திர மனிதனாக நடித்தவர்.

ரோட் ரன்னர் என்ற பறவையை ஓயாமல் துரத்தும் கார்ட்டூன் ஓநாய் வைல் ஈ. கயோட்டி கூண்டில் நிற்க, அந்தப் பறவையை விட்டுவிடும்படி ஹாரி கண்டிக்கும் சில நொடிக் காட்சியும் புகழ் பெற்றது. சிரித்தேன்; ஆனால் சிறந்தவற்றில் சேர்க்க மாட்டேன்.

ஒருமுறை நியூஜெர்சியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது, மன்ஹாட்டனில் 100 சென்டர் ஸ்ட்ரீட்டில் உள்ள உண்மையான இரவு நீதிமன்றத்துக்கும் போனேன். யார் வேண்டுமானாலும் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாம். அமர்வு நள்ளிரவைத் தாண்டி ஒரு மணி வரை நடக்கிறது. கைதானவர்களை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பதால்தான் அங்கே இரவிலும் விளக்கு எரிகிறது. ஒருவருக்குச் சில நிமிடங்கள்தான். இலவச சட்ட உதவி வழக்கறிஞர் காதோரம் ஏதோ சொல்கிறார், ஜாமீன் பேச்சு நடக்கிறது, அடுத்த பெயர். சிரிப்பு எதுவும் இல்லை. ஆனால் பெயரை அழைத்த ஊழியரின் குரலில் அலுப்பும் அக்கறையும் சேர்ந்து ஒலித்தபோது, புல், செல்மா, என் அப்பா மூவரும் நினைவுக்கு வந்தார்கள்.

1992 மே மாதம் ஒளிபரப்பான இறுதி எபிசோடு எனக்குப் பிடிக்கவில்லை. புல்லை வியாழன் கிரகத்தவர் வந்து அழைத்துப்போகிறார்கள். எட்டு ஆண்டுகள் அந்தக் கூடத்தின் கதவைக் காத்தவருக்கு அதைவிட நல்ல வழியனுப்பு கிடைத்திருக்க வேண்டும். எனவே புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் சீசனின் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு, இரண்டிலிருந்து நான்கு வரையான சீசன்களை வரிசையாகப் பாருங்கள். ‘டேன்ஸ் பேரன்ட்ஸ்’ வரும் இரவில் மட்டும் அடுத்த எபிசோடுக்கு உடனே போகாதீர்கள். நான் அன்றிரவு அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். ஊரில் விடிகாலை, வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மாதான் எடுத்து, பழைய பழக்கத்தில் அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டாள்.