நாளைய மழையையே சரியாகச் சொல்லாத கணனி 2100-இல் யாழ்ப்பாணக் கரை எப்படி இருக்கும் என்று சொன்னால் நம்பலாமா?

இதே கேள்வியைக் குருநகரில் கடற்தொழில் செய்யும் என் மாமா ஒருமுறை என்னிடம் கேட்டார், இதைவிட நக்கலாக. அப்போது நான், பாக்கு நீரிணையில் புயல் வந்தால் கடல் எவ்வளவு ஏறும் என்று கணனியில் ஓட்டிப் பார்க்கும் ஒரு பட்டப்படிப்பு ஆய்வில் மூழ்கிக் கிடந்தேன், ஆனாலும் மாமாவுக்குச் சொல்ல உருப்படியான பதில் வாயில் வரவில்லை.

சரி, முதலில் மழை. ஐப்பசி கார்த்திகையில் மாரி பிடிக்கும் என்று எங்கள் அப்புவுக்குத் தெரியும், அதை நம்பித்தான் காலபோகத்துக்கு விதைத்தார். கார்த்திகை பன்னிரண்டாம் திகதி பெய்யுமா என்று கேட்டால் சிரிப்பார். நாளைய மழையைச் சொல்ல இன்றைய காற்றும் ஈரமும் நுணுக்கமாகத் தெரியவேண்டும், அதில் உள்ள சின்னப் பிழை இரண்டு கிழமைக்குள் பெருத்துக் கணக்கையே தின்றுவிடும். 2100-க்கான கணக்கில் திகதியே கிடையாது. சூரியனிலிருந்து எவ்வளவு வெப்பம் வருகிறது, அதில் எவ்வளவு திரும்பிப் போகாமல் தங்குகிறது, கடல் எவ்வளவை உறிஞ்சுகிறது என்பதுதான் அங்கே கேள்வி.

நம்பலாமா என்பதற்கு, பழையதைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. 1967-இல் சியுகுரோ மனாபே, ரிச்சர்ட் வெதரால்ட் என்ற இரண்டு காலநிலை ஆய்வாளர்கள் இன்றைய கைப்பேசி சிரிக்கும் அளவு சின்ன மாடல் ஒன்றை, அதாவது வளிமண்டலத்தைச் சமன்பாடுகளாகக் கணக்கிடும் கணனி நிரல் ஒன்றை வைத்து, காபனீரொட்சைட்டு இரட்டித்தால் தரைப்பக்கம் 2 பாகைக்குச் சற்று மேலே சூடாகும், வளிமண்டலத்தின் மேலடுக்கு குளிரும் என்று கணக்குப் போட்டார்கள். சூரியன்தான் காரணம் என்றால் மேலேயும் சூடாகியிருக்கவேண்டும். பிறகு பலூனும் செய்மதியும் அளந்தபோது மேலே குளிர்ந்துதான் இருந்தது. மனாபேக்கு 2021-இல் நோபல் கிடைத்தது.

இன்னும் பின்னுக்கும் போவார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தின் உச்சத்தில், கடல் இன்றைய மட்டத்திலிருந்து ஏறத்தாழ 120 மீற்றர் கீழே கிடந்தது. பாக்கு நீரிணையில் பல இடங்களில் ஆழம் 10 மீற்றரைச் சுற்றித்தான், ஆகவே பருத்தித்துறையிலிருந்து தமிழ்நாட்டுக் கோடியக்கரைக்குக் கால்நடையாகவே போயிருக்கலாம், வள்ளமும் வேண்டாம் கடவுச்சீட்டும் வேண்டாம். அந்தக் காலத்துப் பனிப்பாளங்களையும் குறைந்த காபனீரொட்சைட்டையும் மாடலுக்குள் கொடுத்து ஓட்டி, வரும் விடையை மகரந்தம், பவளம், ஏரிச்சேறு இவற்றில் கிடைக்கும் தடயங்களோடு ஒப்பிடுவார்கள். எல்லாம் பொருந்தும் என்று நினைக்கவேண்டாம். 6,000 ஆண்டுகளுக்கு முன் சகாராவில் புல்லும் ஏரிகளும் இருந்தன, பல மாடல்கள் அங்கே அவ்வளவு மழையைக் கொண்டுவருவதே இல்லை. பிழை எங்கே என்று காட்டிக்கொடுப்பதால்தான் பழங்காலத்தை ஓட்டிப் பார்ப்பதே எனக்குப் பிடிக்கும்.

அப்புறம், எங்களுக்கென்று ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. உலகம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும் மாடல்களில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 100 கிலோமீற்றர், அதாவது 10,000 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சேர்ந்தால் சுமார் 1,000. அந்தக் கணக்கில் நல்லூரும் இல்லை நெடுந்தீவும் இல்லை, கட்டத்தில் பெரும்பகுதி கடல் என்றால் நாங்களும் கடல்தான். அதனால் உலக மாடலின் விடையை எடுத்து 50, 25 கிலோமீற்றர் கட்டமுள்ள பிராந்திய மாடலுக்குக் கொடுத்து, புயல் அலை என்றால் அதையும் தாண்டி, ஆழ்கடலில் பெரிய முக்கோணமாகவும் கரையோரத்தில் பொடியாகவும் போகும் வலை ஒன்றைப் பின்னவேண்டும். நான் அதைப் பின்னி முதல்நாள் ஓட்டியபோது ஆழத்துக்குக் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பதில் மாறிவிட்டேன். பாக்கு நீரிணை மலையாக எழுந்து நிற்க வலிகாமம் முழுவதும் தண்ணீருக்குள் போனது. அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

குறியைத் திருத்திய பிறகும் பொன்னாலைப் பாலமும் பண்ணைப் பாலமும் வலைக்குள் வரவில்லை. சில மீற்றர் அகலமான தெருதானே, மாடலுக்குக் கண் தெரியாது. ஆனால் பரவைக்கடலில், அதாவது நிலத்துக்குள் புகுந்து கிடக்கும் ஆழமில்லாத கடலில், தண்ணீர் எந்தப் பக்கம் போகும், எங்கே தேங்கும் என்பதில் அவற்றுக்குப் பெரிய பங்குண்டு, ஆகவே ஒவ்வொன்றாகக் கையால் வரைந்து சேர்த்தேன். கடல் ஆழமில்லாத இடத்தில் காற்று தண்ணீரைக் கூடுதலாகக் குவிக்கும், 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் அதைக் காட்டியது. ஆழ அளவு ஒரு மீற்றர் பிழைத்தால் எங்கள் கடலில் விடையும் பிழைக்கும்.

கடல்மட்டத்துக்கு வருவோம். ஐ.நா.வின் காலநிலை அறிஞர் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கைப்படி, உலகச் சராசரியாக, நூற்றாண்டு முடிவில் புகை மிகக் குறைந்தால் 28 முதல் 55 சென்றிமீற்றர், மிகக் கூடினால் 63 முதல் 101 சென்றிமீற்றர் ஏறலாம். பெரிய பனிப்பாளங்கள் உடையும் வேகம் கூடினால் அதற்கும் மேலே போகலாம். மாமாவுக்கு இதைச் சொன்னபோது, ஒரு முழம் இரண்டு முழம் தானே என்றார்.

முழம்தான், ஆனால் எங்களுக்கு வருடம் முழுதும் ஓடும் ஆறு இல்லை, கிணறுதான் எல்லாம். சுண்ணக்கல்லுக்குள் மாரித்தண்ணீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. ஏட்டுக் கணக்குப்படி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நின்றால் கீழே 40 மீற்றர் வரை இருக்கும், எங்கள் ஓட்டை விழுந்த கல்லில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்பது ஊருக்கே தெரிந்த கதை. கடல் ஏறும்போது நிலத்தடி நீரும் கூடவே ஏற இடமிருந்தால் பெரிய சேதமில்லை. பள்ளக்காணியில் அது ஏற வழியில்லாமல் வாய்க்காலாலும் பரவைக்கடலாலும் வடிந்துவிடும், கீழே உள்ள நன்னீர் மெலிந்துகொண்டே போகும். இதைக் கணக்கிடும் மாடல்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்குக் கிணறு கிணறாக நீர்மட்டமும் உப்பும் வேண்டும், வருடக்கணக்கில்.

என்னைக் கேட்டால் கடல் ஏறும் என்பதையும் சூடு கூடும் என்பதையும் கண்ணை மூடி நம்புவேன், மாரி மழை எவ்வளவு மாறும் என்பதை அரைமனதோடு கேட்பேன், எந்தப் புயல் எந்த ஊரில் கரைதட்டும் என்று 2100-க்கு யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவேன். மாமா கடைசியில், ஊர்காவற்றுறைப் பக்கம் காணி ஒன்று வருகிறது, வாங்கட்டுமா என்றார். முதலில் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள், மாரியில் வேண்டாம், ஆவணி கடைசியில் போங்கள் என்றேன்.