காசு போடும் பூல் மேசையில் வெள்ளைப் பந்து திரும்பி வரவில்லை என்றால்

காந்தத்துக்கு இழுபடும் க்யூ பால் (வெள்ளைப் பந்து) வாங்குங்கள், அளவு மற்ற பந்துகளைப் போலவே 57.15 மி.மீ. இருக்கட்டும். அராமித் நிறுவனத் தயாரிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள், உருளல் சுத்தமாக இருக்கும்.

புது வெள்ளைப் பந்து பாக்கெட்டில் விழுந்தால் திரும்புவதே இல்லை என்கிறீர்கள். நீங்கள் வாங்கியது வீட்டு மேசைக்கான சாதாரணப் பந்தாக இருந்திருக்கும். உங்கள் 7 அடி வேல்லி (Valley) நிறுவன மேசைக்குள் எல்லாப் பந்தும் ஒரே பாதையில்தான் உருளும். காந்த மேசை என்றால் வழியில் உள்ள காந்தம், உள்ளே இரும்பு வைத்த வெள்ளையை மட்டும் ஒதுக்கி வெளியே அனுப்பும். இரும்பில்லாத பந்து மற்றவற்றோடு போய்ப் பூட்டிக்கொள்ளும்.

மேசையோடு வந்த பழைய வெள்ளைப் பந்து இருக்கிறதா? வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள்.

1. வலுவான காந்தம் ஒன்றை அதன்மேல் வையுங்கள். ஒட்டினால் காந்த மேசைதான்.

2. ஒட்டவில்லையா? இரண்டு வண்ணப் பந்துகளுக்கு நடுவே அதை வைத்து, மேலே ஒரு ஸ்கேலைப் படுக்க வையுங்கள். ஸ்கேல் ஆடினால் அது 60.3 மி.மீ. பெரிய பந்து; உங்கள் மேசை அளவை வைத்துப் பிரிக்கிறது. அப்போது காந்தப் பந்து வாங்கிப் பயனில்லை.

பெரிய பந்து எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கனம் கூடுதல், ட்ரா ஷாட்டில் (வெள்ளை மற்ற பந்தில் மோதிப் பின்னால் வரும்படி அடிப்பது) அதைப் பின்னால் இழுத்து வருவதற்குள் கை சலித்துவிடும். மேசை கட்டாயப்படுத்தினால் ஒழிய வாங்காதீர்கள்.

மலிவான காந்தப் பந்துகளில் இரும்பு நடுவில் சரியாக உட்காராமல் இருக்கலாம். மெதுவாக உருட்டி விடுங்கள். கடைசி ஒரு அடியில் ஒவ்வொரு முறையும் வேறு பக்கம் சாய்ந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.