மாணவர்கள் மைதானத்தில் நடனமாடினால் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு வருமா?

வரும், ஆடிக்கொண்டே கொண்டுபோக ஒரு மரக்கன்றும் போய்ச் சேர ஒரு குழியும் இருந்தால். மேற்கு வங்கத்தில் தாகூரின் கல்விக்கூடம் இருக்கும் சாந்திநிகேதனில் படித்த காலத்தில் மரம் நடு விழா ஊர்வலத்தில் ஆடியவள் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

1928 ஜூலையில் தாகூர் அந்த விழாவை அங்கே தொடங்கினார். அவருடைய மருமகள் பிரதிமா தேவியின் தொட்டியில் இருந்த மகிழங்கன்றுதான் அன்று நடப்பட்டது. அரசின் மரம் நடு விழாவான வன மகோத்சவம் வந்ததே 1950இல்தான். சாந்திநிகேதன் இருக்கும் பீர்பூம் மாவட்டத்துச் செம்மண் மழையில் அரித்து, 'கோவாய்' எனப்படும் பள்ளங்களாகப் பிளந்து கிடக்கும். அதைத் தினமும் பார்த்த மனிதர் அவர்.

இப்போது அவர் மறைந்த நாளான வங்காளச் சிராவணம் 22ஆம் தேதி விழா நடக்கிறது. நமக்கு அது ஆடி மாதம், அங்கே நல்ல மழைக்காலம். அலங்கரித்த பல்லக்கில் கன்று வரும். சங்கு முழங்க, பாட்டுக்கு ஏற்ப ஆடியபடி கூடவே போவோம். ஐம்பூதங்களாக ஐந்து பேர் வந்து கன்றை வாழ்த்துவார்கள். பாட்டிலும் அது மரமல்ல, நம் முற்றத்துக்கு விருந்து வந்த குழந்தை. நனைந்த மண் வெறுங்காலை வழுக்கும், புடவை ஓரம் சிவந்துபோகும். அடியைப் பெரிதாக எடுத்துவைக்க முடியாது. அதனால் ஆட்டம் தானாகவே தணிந்து, பாதி நடையாகிவிடும். எங்களை யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இருக்காது. எல்லார் கண்ணும் பல்லக்கின் மேல்தான்.

பச்சைத் துணி உடுத்திய பிள்ளைகள் மரமாக நிற்க, ஒருவன் கோடரியோடு வரும் மேடை நடனங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. மரமாக நடிக்கும் பிள்ளைக்கு மரத்தோடு ஒரு வேலையும் இல்லையே!

உங்கள் பள்ளியில் நடனத்தை உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று நடத்தப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் அந்த வெயிலில் கன்று வாடிவிடும். தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் வையுங்கள். மகிழமோ புங்கனோ எதுவானாலும் ஒரே ஒரு கன்று போதும். ஆடப்போகிறவர்களே முந்தின வாரம் குழி வெட்டட்டும். ஒலிபெருக்கி வேண்டாம், பிள்ளைகளே பாடட்டும். ஒத்திகை அட்டவணையை ஒட்டும் அதே பலகையில், தை முதல் ஆனி வரை யார் என்றைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்பதையும் பெயர் போட்டு ஒட்டிவிடுங்கள்.