மங்கோலியப் பெண்கள் நிஜமாகவே ஆண்களை முந்திவிட்டார்களா?

"மங்கோலியாவில் படிப்பு, மாடலிங், அரசியல் என்று எல்லாவற்றிலும் பெண்கள் ஆண்களை முந்திவிட்டார்களாமே, உண்மையா?" என்பது கேள்வி.

படிப்பில் முந்தியது உண்மை. அதிகாரத்தில் இன்னும் இல்லை.

அங்கே பல்கலைக்கழக மாணவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஆறு பேர் பெண்கள். இதற்கு ஒரு முக்கியக் காரணம் கால்நடைகள். 1990-களின் தொடக்கத்தில் கூட்டுப்பண்ணைகள் கலைக்கப்பட்டு ஆடு, மாடு, குதிரையெல்லாம் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டபோது மேய்க்க ஆள் தேவைப்பட்டது, அதனால் பல வீடுகளில் பையன்களின் படிப்பை நிறுத்தி மந்தையோடு அனுப்பிவிட்டு, பெண்பிள்ளைகளை விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அப்படிப் படித்து வந்தவர்களில் எத்தனையோ பேர் இன்று தலைநகர் உலான்பாத்தரில் மருத்துவர்கள், ஆசிரியர்கள். ஆனாலும் சராசரிச் சம்பளம் ஆண்களுக்குத்தான் அதிகம்.

அரசியலுக்கு வருவோம். பெண்களுக்கு 1924-லேயே ஓட்டுரிமை வந்துவிட்டது. 1953-ல் புரட்சித் தலைவர் சுக்பாத்தரின் மனைவி யான்ஜ்மா சில மாதங்கள் தற்காலிக நாட்டுத் தலைவராகவே இருந்தார். ஆனால் ஜனநாயகம் வந்த பிறகு, 1992 தேர்தலில் 76 இடங்களில் வென்ற பெண்கள் மூன்றே பேர்! 2005-ல் வேட்பாளர்களில் 30 சதவீதம் பெண்கள் என்று சட்டம் போட்டார்கள், அடுத்த தேர்தல் வருவதற்குள் அதை அவர்களே நீக்கியும் விட்டார்கள். எனக்கு இன்றும் ஆத்திரம் வரும் இடம் இது. 2024-ல் நாடாளுமன்றம் 126 இடங்களாக விரிந்து, ஒதுக்கீடும் 30 சதவீதமாகத் திரும்பி வந்தபோது 32 பெண்கள் உள்ளே போனார்கள். அதிலும் பெரும்பாலோர், கட்சிக்கு விழுந்த ஓட்டுக்கு ஏற்ப இடம் தரும் கட்சிப் பட்டியல் வழியாக வந்தவர்கள். தொகுதியில் நேரடியாக நின்று ஜெயித்தவர்கள் குறைவு. ஒதுக்கீடு தேவையா என்று கேட்பவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

ஒரே ஒருவரைப் பற்றிப் படிக்க நேரம் இருந்தால் ஓயுனைப் பற்றிப் படியுங்கள். நிலவியலாளர், கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர். ஜனநாயகப் போராட்டத்தின் முகமாக இருந்த அவருடைய அண்ணன் சொரிக் 1998-ல் வீட்டிலேயே கொலை செய்யப்பட்ட பிறகுதான் அரசியலுக்கு வந்தார். வெளியுறவு அமைச்சர் ஆனார், 2014-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையின் முதல் தலைவரும் ஆனார்.

அப்புறம் மாடலிங். மிஸ் யுனிவர்ஸ் மேடைக்கு மங்கோலியாவிலிருந்து முதல் பெண் போனதே 2018-ல்தான். என்னைக் கேட்டால், மேடையில் நடப்பவர்களைவிட உடையை வெட்டித் தைப்பவர்கள்தான் அந்நாட்டு ஃபேஷனை உலகத்துக்குக் காட்டியவர்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் மங்கோலிய அணியின் உடை இணையத்தையே கலக்கியதே, அதை வடிவமைத்தவர்கள் மிஷெல், அமசோன்கா என்ற அக்கா தங்கை. 'தேல்' என்ற பாரம்பரிய அங்கியின் சாயலில் ஒரு மேற்சட்டை, அதில் பொன்னிற நூலால் சூரியன், சந்திரன், கொடியில் இருக்கும் சொயொம்போ சின்னம் எல்லாம் எம்பிராய்டரி. ஓர் உடைக்குச் சராசரியாக 20 மணி நேர வேலை.

அந்த ஒலிம்பிக்கில் மங்கோலியாவுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் ஒரு பெண் வாங்கியது: ஜூடோவில் பாசன்ஹூ வென்ற வெள்ளி. ஆனால் நாதம் என்ற தேசியத் திருவிழாவின் மல்யுத்தத்தில் இன்றும் ஆண்களுக்கு மட்டும்தான் இடம். மல்யுத்தச் சட்டை ஏன் மார்புப் பக்கம் திறந்திருக்கிறது என்பதற்கு அங்கே ஒரு கதை சொல்வார்கள், ஒரு பெண் ஆண் வேடத்தில் வந்து எல்லோரையும் வீழ்த்திவிட்டாளாம், இனி அப்படி நடக்கக் கூடாது என்றுதான் சட்டையை மாற்றினார்களாம்.

வீட்டுக்குள் நிலைமை மோசம். 2017-ல் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்திருப்பதாகத் தெரிந்தது. குடும்ப வன்முறை அங்கே குற்றவியல் சட்டத்துக்குள் வந்ததும் அதே ஆண்டில்தான், அதுவும் பெண்கள் அமைப்புகள் பல வருஷம் விடாமல் போராடிய பிறகு.